தடை தந்த தாளங்கள்

கேள்வி: வெகுஜன இசை, நடனம் இவற்றின் வரலாற்றில் கேட்டால் நம்பவே முடியாத தகவல்கள் சிலவற்றைச் சொல்ல முடியுமா?

துணுக்கு என்று பார்த்தால் நூறு சொல்லலாம். ஆனால் அடுக்கிக்கொண்டே போனால் படித்த வேகத்தில் மறந்துபோகும். அதனால் ஒரே ஒரு வகையை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். யாரோ ஒரு அதிகாரியோ, அமைச்சரோ, சங்கத் தலைவரோ, வரித்துறையோ ஒரு பாட்டையோ ஆட்டத்தையோ நிறுத்தப் போய், கடைசியில் அதற்குப் புது உருவமே கொடுத்துவிட்ட கதைகள். இசை வரலாற்றை மேதைகளின் கதையாகவே சொல்லிப் பழகிவிட்டோம். போலீஸ் உத்தரவுக்கும் வரி விகிதத்துக்கும் அதில் இவ்வளவு பங்கு உண்டு என்பதுதான் எனக்கு எப்போதும் பெரிய ஆச்சரியம்.

முதலில் ட்ரினிடாட். கரீபியன் கடலில் உள்ள இந்தத் தீவில் அடிமை முறை ஒழிந்த பிறகு, விடுதலை பெற்ற ஆப்பிரிக்க மக்கள் கார்னிவல் திருவிழாவைத் தங்களுடையதாக்கிக்கொண்டார்கள். தீப்பந்தம், கம்புச் சண்டை, தோல் பறை. இந்த மூன்றுமே ஆங்கிலேய அரசுக்கு ஆகவில்லை. 1881இல் போலீஸ் தலைவர் பேக்கர் ஊர்வலத்தை அடக்கப் போக, அது பெரும் கலவரமாக முடிந்தது. அடுத்த சில ஆண்டுகளுக்குள் தெருவில் பறையடிக்கவே தடை வந்துவிட்டது. அந்தக் கெடுபிடி இந்தியர்களையும் விடவில்லை. கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாகப் போனவர்கள் அங்கே மொகரம் பண்டிகையை ‘ஹோசே’ என்ற பெயரில் தாசா மேளத்தோடு கொண்டாடுவார்கள். இந்துக்களும் ஆப்பிரிக்கர்களும்கூட அதில் கலந்துகொள்வது வழக்கம். 1884இல் அந்த ஊர்வலம் சான் ஃபெர்னாண்டோ நகருக்குள் வரக் கூடாது என்று உத்தரவு போட்டார்கள். மீறி வந்தவர்கள்மேல் போலீஸ் சுட்டதில் பலர் இறந்தார்கள்.

தோல் இல்லையென்றால் மூங்கில் என்று மாறினார்கள். வேறு வேறு நீளத்தில் வெட்டி, தடித்த மூங்கிலைத் தரையில் குத்தினால் அடிநாதம். மெல்லியதைத் தோளில் சாய்த்துக் குச்சியால் தட்டினால் மேல் தாளம். ‘தம்பு பாம்பூ’ என்று அதற்குப் பெயர். ஊர்வலத்தில் இரண்டு கோஷ்டிகள் மோதிக்கொண்டால் அதே மூங்கில் ஆயுதமாகிவிடும். 1930களில் போலீஸ் அதற்கும் தடை போட்டது. அடுத்து இரும்பு. பிஸ்கட் டின், பெயிண்ட் டப்பா, குப்பைத்தொட்டி மூடி, காரின் பிரேக் டிரம் என்று கையில் கிடைத்ததெல்லாம் வாத்தியமானது.

இங்கேதான் கதை திரும்புகிறது. அடித்து அடித்து நெளிந்துபோன இடத்தில் வேறு சுருதி பேசுவதை போர்ட் ஆஃப் ஸ்பெயினின் ஏழைக் குடியிருப்புகளில் இருந்த இளைஞர்கள் கவனித்தார்கள். அப்படியானால் வேண்டுமென்றே நெளித்தால்? ஒரு டப்பாவில் மூன்று நான்கு சுரம் வந்தது. இரண்டாம் உலகப் போரின்போது 1942 முதல் கார்னிவலையே நிறுத்திவைத்திருந்தார்கள். ஆனால் கொல்லைப்புறங்களில் தட்டல் நிற்கவில்லை. 1945இல் போர் முடிந்த சேதி வந்ததும் தெருவுக்கு இறங்கிய கூட்டத்தின் கையில் இருந்தது தாளவாத்தியம் மட்டுமல்ல, மெட்டு வாசிக்கும் வாத்தியம். ட்ரினிடாட் எண்ணெய் எடுக்கும் நாடு. போதாக்குறைக்கு அமெரிக்கக் கடற்படைத் தளமும் அங்கே வந்திருந்தது. காலி எண்ணெய்ப் பீப்பாய்க்குப் பஞ்சமே இல்லை. எல்லி மானெட் போன்றவர்கள் அந்தப் பெரிய பீப்பாயின் தலைப்பகுதியை வெட்டி, உட்குழிவாக அடித்து, சுரம் சுரமாகப் பிரித்தார்கள். அதுதான் ஸ்டீல்பேன். 1951இல் லண்டனில் நடந்த பிரிட்டன் திருவிழாவுக்கு ஒரு ஸ்டீல்பேன் குழுவையே அனுப்பிவைத்தார்கள்.

‘இருபதாம் நூற்றாண்டில் மின்சாரம் இல்லாமல் பிறந்த ஒரே இசைக்கருவி’ என்று இதைச் சுற்றுலாப் பிரசுரங்கள் பெருமையடிக்கும். அந்த ‘ஒரே’ கொஞ்சம் அதிகம் என்பது என் எண்ணம். ஆனால் இதைக் கேளுங்கள். 1992இல் அது நாட்டின் தேசிய இசைக்கருவி. 2023இல் ஐ.நா. பொதுச்சபை ஆகஸ்ட் 11ஐ உலக ஸ்டீல்பேன் நாளாக அறிவித்தது. 2024இல் அந்நாட்டின் அன்றைய பிரதமர் கீத் ரவுலி, தேசியச் சின்னத்தில் இருக்கும் கொலம்பஸின் மூன்று கப்பல்களையும் எடுத்துவிட்டு, அந்த இடத்தில் ஸ்டீல்பேனை வைக்கப்போவதாக அறிவித்தார். பறையைத் தடை செய்த ஆளுநர்கள் இதைக் கனவிலும் நினைத்திருக்க மாட்டார்கள்.

அடுத்து நியூயார்க். ஜாஸ் இசையின் தலைநகரம் என்று நாம் நினைக்கும் ஊர். அங்கே 1926இல் ஒரு சட்டம் போட்டார்கள்: சாப்பாடோ மதுவோ விற்கும் இடத்தில் ஆட்களை ஆடவிட வேண்டுமானால் தனி உரிமம் எடுக்க வேண்டும். மூன்று பேர் சேர்ந்து ஆடினாலே சட்டம் பாயும். அதைவிட வேடிக்கை, உரிமம் இல்லாத சிறு கடைகளில் வாசிக்கக்கூடிய வாத்தியங்களையும் சட்டமே தீர்மானித்தது. பியானோ, கிதார், வயலின் போன்றவை வாசிக்கலாம், அதுவும் மூன்று பேருக்கு மேல் கூடாது. சாக்ஸபோன், ட்ரம்பெட், டிரம் எல்லாம் கூடாது. ஜாஸிலிருந்து இந்த மூன்றையும் எடுத்துவிட்டால் மிச்சம் என்ன இருக்கும்? ஆனாலும் இந்த விதி 1980கள் வரை உயிரோடு இருந்தது. நகரத்தின் ஹோட்டல்களிலும் சிறு பார்களிலும் பியானோவும் பாஸும் மட்டும் வைத்த அமைதியான கச்சேரிகள் பெருகியதற்கு ரசனை மட்டும் காரணமில்லை, சட்டமும் ஒரு காரணம்.

1940இல் இன்னொரு பூட்டு. கிளப்பில் வாசிக்கும் ஒவ்வொருவரும் போலீஸிடம் கைரேகை கொடுத்து அட்டை வாங்க வேண்டும். போதைப்பொருள் வழக்கில் சிக்கினால் அட்டை பறிபோகும். 1947இல் ஜாஸ் பாடகி பில்லி ஹாலிடே அதை இழந்தார். அதன் விளைவைப் பாருங்கள்: அடுத்த ஆண்டே கார்னகி ஹாலில் அரங்கம் நிரம்பப் பாடினார், ஏனென்றால் கச்சேரி மண்டபத்துக்கு அட்டை தேவையில்லை. ஆனால் பக்கத்துத் தெரு கிளப்பில் பாட முடியாது. பியானோ கலைஞர் தெலோனியஸ் மங்க் 1951இல் இழந்து, ஏறக்குறைய ஆறு ஆண்டுகள் தன் சொந்த ஊரின் கிளப்களில் வாசிக்க முடியாமல் இருந்தார். பாடகர் ஃபிராங்க் சினாட்ரா மட்டும் கைரேகை கொடுக்க மறுத்து, விண்ணப்பிக்கவே மாட்டேன் என்று நின்றார். அந்த அளவு புகழ் இருந்தால் நிற்கலாம். அட்டை முறை 1967இல் ஒழிந்தது. ஆட்டத்துக்கு உரிமம் கேட்ட 1926ஆம் ஆண்டுச் சட்டம் நீங்கியது எப்போது தெரியுமா? 2017இல். அப்போது அந்தப் பெருநகரம் முழுவதிலும் உரிமம் வைத்திருந்த இடங்கள் நூற்றுக்கும் குறைவு.

இவை நகரச் சட்டங்கள். நாடு முழுவதையும் உலுக்கியது வேறு இரண்டு. ஒன்று வேலைநிறுத்தம், ஒன்று வரி.

1942 ஆகஸ்ட் 1 முதல் அமெரிக்க வாத்தியக்காரர்கள் சங்கத் தலைவர் ஜேம்ஸ் பெட்ரில்லோ ஒலிப்பதிவையே நிறுத்திவைத்தார். வானொலியும், காசு போட்டால் பாடும் ஜூக்பாக்ஸ் பெட்டியும் இசைத்தட்டைப் போட்டுக்கொண்டால் நேரில் வாசிப்பவன் பிழைப்பு என்னாவது என்பது அவர் வாதம். நியாயமான கவலைதான். சிறு இசைத்தட்டு நிறுவனங்களும் டெக்காவும் அடுத்த ஆண்டே இறங்கிவந்தன. கொலம்பியாவும் ஆர்.சி.ஏ. விக்டரும் 1944 நவம்பர் வரை இழுத்தடித்தன. இதில் ஒரு ஓட்டை இருந்தது: பாடகர்கள் அந்தச் சங்கத்தில் இல்லை. அதனால் கொலம்பியா நிறுவனம் 1943இல் ஃபிராங்க் சினாட்ராவை நிற்கவைத்து, பின்னால் வாத்தியத்துக்குப் பதிலாகக் கோரஸ் பாடகர்களை ‘ஊ… ஆ…’ என்று பாடவைத்துப் பதிவு செய்தது. அதுவரை தட்டின் மேல் கொட்டை எழுத்தில் இருந்தது வாத்தியக் குழுத் தலைவரின் பெயர். பாடகர் அதில் ஒரு அங்கம், அவ்வளவுதான். வேலைநிறுத்தம் முடிந்து வாத்தியக்காரர்கள் திரும்பி வந்தபோது நட்சத்திரம் இடம் மாறியிருந்தது. வாத்தியக்காரனைக் காப்பாற்ற எடுத்த முடிவு பாடகனை உயர்த்திவிட்டது.

இன்னொரு இழப்பும் உண்டு. ஜாஸ் ரசிகர்கள் இன்றும் புலம்புவது இதைத்தான். சார்லி பார்க்கரும் டிஸ்ஸி கில்லெஸ்பியும் ஏர்ல் ஹைன்ஸ் குழுவில் ஒன்றாக வாசித்தது 1943இல். பீபாப் என்ற புதுப் பாணி உருவான வருடங்கள் அவை. அந்தக் குழுவின் ஸ்டுடியோ பதிவு ஒன்றுகூட இல்லை. அதனால்தான் 1945இல் தட்டுகள் வந்தபோது பீபாப் வானத்திலிருந்து குதித்தது மாதிரி ஜனங்கள் திகைத்தார்கள்.

வரி விஷயம் இன்னும் சுவாரசியம். போர்ச் செலவுக்காக 1944இல், பாட்டோ ஆட்டமோ நடக்கும் உணவகங்கள், கிளப்களின் பில்மேல் 30 சதவீத வரி போட்டார்கள். எதிர்ப்பு கிளம்பியதும் சில மாதங்களிலேயே 20 ஆக்கினார்கள். வெறும் வாத்திய இசை, யாரும் ஆடவில்லை என்றால் வரி இல்லை. கிளப் முதலாளிகள் என்ன செய்வார்கள்? ‘இங்கே ஆடக் கூடாது’ என்று பலகை மாட்டினார்கள், ஆடுதளத்தின்மேல் மேசை நாற்காலி போட்டார்கள், 16 பேர் கொண்ட குழுவுக்குப் பதிலாக நாலைந்து பேரை வரவழைத்தார்கள். ஆடுவதற்காக வாசித்த இசை, உட்கார்ந்து கேட்பதற்காக வாசிக்கும் இசையாக மாறியதில் இந்த வரிக்குப் பெரும் பங்கு உண்டு என்று டிரம்மர் மேக்ஸ் ரோச் பின்னாளில் சொல்லியிருக்கிறார். அவர் அந்த மேடைகளில் இருந்தவர். ஆனாலும் பீபாப்பை வரித்துறைதான் பெற்றெடுத்தது என்று சொல்ல நான் தயாரில்லை. வரி வருவதற்கு முன்பே அந்த இளைஞர்கள் நியூயார்க்கின் ஹார்லெம் பகுதியில் விடிய விடிய அந்தப் பாணியைத் தீட்டிக்கொண்டிருந்தார்கள். வரி செய்தது, அவர்களுக்குக் கேட்கும் கூட்டத்தையும் சிறிய மேடையையும் தயாராக வைத்தது. 1960இல் பத்து சதவீதமாகக் குறைந்து, 1965இல் முழுதாக நீங்கியது. அதற்குள் பெரிய நடனக் குழுக்களின் காலம் முடிந்துவிட்டது.

ஆட்டத்தைக் கண்டு பயப்படுவது அமெரிக்காவின் தனிச்சொத்து இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். இன்று கல்யாண வரவேற்பில் தாத்தா பாட்டி ஆடினாலும் யாரும் தப்பாக நினைக்காத வால்ட்ஸ் நடனத்தை, 1816இல் அரச விருந்தில் ஆடியதற்காக லண்டன் டைம்ஸ் ஆபாசம் என்று கண்டித்து எழுதியது. 1913இல் ஜெர்மானியப் பேரரசர் வில்ஹெல்ம், ராணுவ உடையில் டாங்கோ ஆடக் கூடாது என்று அதிகாரிகளுக்கு உத்தரவிட்டார். ஜப்பானில் 1948ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்றின்படி நள்ளிரவுக்குப் பிறகு கிளப்பில் ஆடுவது குற்றம். அதைத் தளர்த்தியது 2015இல்தான். ஸ்வீடனில் ஆடவைக்க அனுமதி வாங்க வேண்டும் என்ற விதி 2023இல் போனது. ஜெர்மனியின் பல மாநிலங்களில் புனித வெள்ளியன்று பொது இடத்தில் ஆட இன்றும் தடை.

சோவியத் ரஷ்யாவின் கதை முற்றிலும் வேறு ரகம். போருக்குப் பிறகு அங்கே மேற்கத்திய ஜாஸும், நாட்டைவிட்டுப் போன ரஷ்யப் பாடகர்களின் பாட்டும் கிடைக்காது. பியோத்தர் லெஷ்செங்கோ என்றொருவர். ரஷ்ய மொழியில் டாங்கோவும் ஃபாக்ஸ்ட்ராட்டும் பாடியவர். அவர் தட்டுக்கு ஜனங்கள் ஏங்கினார்கள். லெனின்கிராடில் ருஸ்லான் போகோஸ்லோவ்ஸ்கி என்ற இளைஞர், பேச்சைப் பதிவு செய்து தரும் ஒரு கடையில் இருந்த ஜெர்மன் ஒலிவெட்டு இயந்திரத்தைப் பார்த்துவிட்டு, அதேபோலத் தானே ஒன்றைச் செய்துகொண்டார். இயந்திரம் தயார், தட்டுக்குப் பிளாஸ்டிக் எங்கே? ஆஸ்பத்திரிகளில் பழைய எக்ஸ்ரே படங்கள் குவிந்து கிடந்தன. தீப்பிடிக்கும் ஆபத்து இருந்ததால் அவர்களுக்கே அவற்றைக் கழித்துக்கட்டினால் போதும் என்றிருந்தது. அந்தப் படத்தை வட்டமாகக் கத்தரித்து, நடுவில் சிகரெட் நெருப்பால் ஓட்டை போட்டு, ஒரு பக்கம் மட்டும் பாட்டை வெட்டினார்கள். வெளிச்சத்தில் பிடித்தால் யாரோ ஒருவரின் விலா எலும்பு தெரியும். பேச்சுவழக்கில் அதற்கு ‘எலும்புகள்’ என்றே பெயர். சில தடவை போட்டாலே தேய்ந்துபோகும். ஆனாலும் தெருமுனையில் கோட்டுக்குள் மறைத்துவைத்து விற்றார்கள். ஏமாற்றும் இருந்தது: பாட்டு இரண்டு வரி ஓடிய பிறகு, ‘புது மெட்டு கேட்கிறதா உனக்கு?’ என்கிற மாதிரி ஒரு குரல் ரஷ்ய மொழியில் திட்ட ஆரம்பிக்கும். யாரிடம் போய்ப் புகார் செய்வது! போகோஸ்லோவ்ஸ்கி 1950இல் கைதாகி, ஸ்டாலின் இறந்த பிறகு வெளியே வந்து, மறுபடியும் அதே தொழிலைத் தொடங்கினார். மறுபடியும் சிறை. கடைசியில் எலும்புத் தட்டை ஒழித்தது போலீஸ் இல்லை, 1960களில் வீட்டுக்கு வந்த டேப் ரெக்கார்டர்.

இனி நம் வீட்டுக் கதை. அகில இந்திய வானொலி 1940 மார்ச் முதல் ஹார்மோனியத்துக்குத் தடை போட்டது. கமகம் பேசாது, சுருதி ஒத்துவராது என்பது குற்றச்சாட்டு. தாகூரே ஹார்மோனியத்துக்கு எதிராகக் கடிதம் எழுதினார். 1971 வரை அந்தத் தடை நீடித்தது. இந்த 31 ஆண்டுகளில்தான் எம்.எஸ்.விஸ்வநாதன் உட்பட நம் சினிமா இசையமைப்பாளர்கள் அதே ஹார்மோனியத்தை வைத்துக்கொண்டு மெட்டுப் போட்டுத் தள்ளினார்கள். வானொலிக்கு ஆகாத பெட்டியில் பிறந்த பாட்டை வானொலியில் கேட்டோம்.

அதையும் எல்லாக் காலத்திலும் நம் வானொலியில் கேட்கவில்லை. 1952இல் தகவல் ஒலிபரப்புத் துறை அமைச்சரான பி.வி.கேஸ்கர் சாஸ்திரிய சங்கீதப் பற்றாளர். சினிமாப் பாட்டு ஜனங்களின் ரசனையைக் கெடுக்கிறது என்று நம்பியவர். ‘தடை’ என்று எல்லோரும் சொல்கிறார்கள். நடந்தது கொஞ்சம் சுற்றுவழி. முதலில் சினிமாப் பாட்டின் நேரத்தைக் குறைத்தார்கள். பிறகு, படத்தின் பெயரைச் சொன்னால் விளம்பரமாகிவிடும் என்று பெயரை வெட்டினார்கள். தயாரிப்பாளர்கள் கோபத்தில் ஒலிபரப்பு உரிமையையே திரும்பப் பெற்றுக்கொண்டார்கள். அதோடு பாட்டு காணாமல்போனது. நியாயமாகச் சொன்னால், அவர் காலத்தில் வித்வான்களுக்கு வானொலி பெரிய ஆதரவாக இருந்தது. ஆனால் சாதாரண ரசிகன் என்ன செய்தான்? முள்ளை இலங்கைப் பக்கம் திருப்பினான்.

கொழும்புக்கு வடக்கே ஏக்கலவில் சக்தி வாய்ந்த சிற்றலைப் பரப்பி ஒன்று இருந்தது. மவுண்ட்பேட்டனின் தென்கிழக்காசியப் படைக்காக, போர்முனையில் இருந்த சிப்பாய்களுக்குப் பாட்டுப் போட ஆங்கிலேயர் வைத்தது. போர் முடிந்ததும் அது இலங்கையின் கைக்கு வந்தது. அந்தப் போர்க்காலச் சொத்துதான் இந்தியா முழுக்க சினிமாப் பாட்டைக் கொண்டுபோய்ச் சேர்த்தது. 1952 டிசம்பரில் பினாகா கீத்மாலா என்ற இந்திச் சினிமாப் பாட்டு நிகழ்ச்சி தொடங்கியது. அமீன் சயானி அதை பம்பாயில் பதிவு செய்வார்; நாடா விமானத்தில் கொழும்பு போகும்; அங்கிருந்து அலையேறி மறுபடி பம்பாய் வரும். தமிழ்ப் பக்கம் மயில்வாகனன் குரல், பின்னாளில் பி.எச்.அப்துல் ஹமீத், கே.எஸ்.ராஜா, காலையில் ‘பொங்கும் பூம்புனல்’. ஒரு தலைமுறைத் தமிழர்களுக்கு அறிவிப்பாளர் என்றால் எப்படிப் பேச வேண்டும் என்று கற்றுக்கொடுத்ததே இலங்கை வானொலிதான். தோற்றுப்போனதை உணர்ந்த தில்லி 1957 அக்டோபர் 3 அன்று சினிமாப் பாட்டு போடும் விவித் பாரதியைத் தொடங்கியது. அப்போதும் அமைச்சர் அதே கேஸ்கர்தான்!

கடைசியாக சிகாகோ. 1979 ஜூலை 12. டிஸ்கோவை வெறுத்த ஒரு வானொலி அறிவிப்பாளர் பேஸ்பால் மைதானத்தில் ஒரு விழா வைத்தார். ஒரு டிஸ்கோ தட்டும் 98 சென்டும் கொடுத்தால் உள்ளே விடுவார்கள். அன்றைய இரண்டு ஆட்டங்களுக்கு நடுவே தட்டுகளை வெடிவைத்துத் தகர்ப்பார்கள். கூட்டம் மைதானத்துக்குள் பாய்ந்து, அன்றைய இரண்டாவது ஆட்டமே ரத்தாகி, ஊர் அணிக்குத் தோல்வி என்று எழுதப்பட்டது. அன்று அங்கே இருக்கை காட்டும் வேலையில் இருந்த வின்ஸ் லாரன்ஸ் என்ற கறுப்பினப் பையன் ஒன்றைக் கவனித்தான்: டிஸ்கோவே இல்லாத கறுப்பினக் கலைஞர்களின் தட்டுகளையும் பலர் கொண்டுவந்திருந்தார்கள். டிஸ்கோ பெரிய நிறுவனங்களின் கையைவிட்டுப் போய், சிகாகோவின் சிறு கிளப்களில் மலிவு இயந்திரங்களோடு ‘ஹவுஸ்’ என்ற வேறு பிறவி எடுத்தது. 1984இல் வந்த முதல் ஹவுஸ் இசைத்தட்டாகப் பலரும் குறிப்பிடும் பாட்டை எழுதியவர்களில் அந்த லாரன்ஸும் ஒருவர்.

இதோடு ஒட்டிய ஒன்று. தடைக்கும் இதற்கும் சம்பந்தமில்லை, ஆனாலும் சொல்லாமல் விட மனசு வரவில்லை. 1987இல் சிகாகோவில் ‘ஆசிட் ஹவுஸ்’ என்ற பாணி பிறந்தது. ரோலண்ட் நிறுவனத்தின் டிபி-303 என்ற, அதற்கு முன் விலைபோகாத பாஸ் இயந்திரத்தைத் திருகித் திருகி எழுப்பிய ஒலிதான் அதன் அடையாளம். அதற்கு ஐந்து ஆண்டுகளுக்கு முன்பே, 1982இல், பம்பாயில் இந்திப் படங்களுக்கு வாசித்துக்கொண்டிருந்த சரண்ஜித் சிங் அதே இயந்திரத்தையும் டிஆர்-808 டிரம் இயந்திரத்தையும் வைத்து பைரவ், லலித் என்று பத்து ராகங்களை டிஸ்கோ தாளத்தில் வாசித்து ஒரு தட்டு வெளியிட்டிருந்தார். சிகாகோக்காரர்கள் யாரும் அதைக் கேட்டதாகத் தெரியவில்லை. ஒரே இயந்திரம் இரண்டு ஊரில் ஒரே மாதிரி ஒலியைக் கக்கியது. எச்.எம்.வி. வெளியிட்ட அந்தத் தட்டு இங்கே ஓடவே இல்லை. 2002இல் ஒரு டச்சு சேகரிப்பாளர் தில்லியில் அதைக் கண்டெடுத்து, 2010இல் மறுபதிப்புப் போட்டார். அதற்குப் பிறகுதான், எழுபது வயதைத் தாண்டிய சரண்ஜித் சிங்கை ஐரோப்பிய இசை விழாக்கள் அழைக்க ஆரம்பித்தன.